ஐந்து தலை நாகம் காவல் காத்த அஸ்திவாரம்

கிள்ளான்
4-3-1934

சௌபாக்கியவதி சீதாலெட்சுமிக்கு, உன் தாய்மாமனும் கிள்ளான் நகரத்தின் ஏகபோகக் கரையான் சம்ஹார மூர்த்தியுமான பக்கிரிசாமி ஆசி கூறி எழுதுவது. இடது முழங்காலைத் தவிர என் மற்ற உறுப்புகள் யாவும் சௌக்கியம். கோலா லிப்பிஸ் பனியில் நீயும் மாப்பிள்ளை கன்னையாவும் இருமாமல் இருக்கிறீர்களா?

இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். பத்துமலை முருகன்மேல் ஆணையாக நம்பமாட்டார்கள். நீ நம்பிவிட்டால் உன் புத்தியைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியிருக்கும்.

உங்கள் மனையில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டோம். மண்ணுக்கு மேலே லாலான் புல். கீழே ஒரு சாம்ராஜ்யம்! பழைய கித்தா தோட்டமல்லவா? ரப்பர் மரத்தை வெட்டியவர்கள் அடிக்கட்டையை அப்படியே புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டையிலும் கரையான் குடித்தனம். கொத்தனார் அய்யாவு வேட்டியைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் குழியில் இறங்கினான். ஏறி வந்து பார்த்தால் வேட்டியின் கரை மட்டும் காற்றில் ஆடுகிறது. மண்வெட்டிப் பிடியைக் காலைப் பசியாறலுக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவில் தின்று தீர்த்துவிட்டன. பூனை அளவுக்கு ஒரு கரையான் வந்து என்னிடம் வெற்றிலை கேட்டது.

ஈசானிய மூலையில் ஒரு புற்று, என் உயரத்துக்கு இருமடங்கு. அதன் ராணி சாகாமல் காங்கிரீட் ஊற்றினால் நீங்கள் குடியேறுவதற்குள் கூரையைத் தின்றுவிடும் என்கிறான் அய்யாவு. புற்றை என்ன செய்யலாம் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா பக்கிரிசாமி

*

கோலா லிப்பிஸ்
11-3-1934

அன்புள்ள மாமாவுக்குச் சீதா நமஸ்காரம். நாங்கள் இருவரும் நலம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுகிறீர்களா, அல்லது அதையும் கரையான் குடித்துவிட்டதா?

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பூனைக் கரையான் வந்த இடத்தில் ரயில் ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். ஆனால் புற்று என்றதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. அதை இடிக்க வேண்டாம். எங்களுக்குக் கலியாணமாகி இத்தனை வருஷமாயிற்று. போகாத கோயில் இல்லை, சுற்றாத மரம் இல்லை. இந்த நிலைமையில் வீடு கட்டுகிறேன் என்று புற்றை இடித்த பாவம் வேறு வேண்டுமா? அவர் நம்புவதில்லை. “வீடு முக்கியமா, புத்து முக்கியமா?” என்கிறார். அவருக்குக் கிள்ளானுக்கு மாற்றல் வருமுன் வீடு முடியவேண்டுமாம்.

நீங்களாவது கேளுங்கள். அந்த மூலையை விட்டுவிட்டுக் கட்டுங்கள். நடு உத்தரத்தில் ஒரு பெரிய கொக்கி வைக்கச் சொல்லுங்கள். எதற்கென்று கேட்காதீர்கள்.

உங்கள் சீதா

*

கிள்ளான்
21-3-1934

அருமை மருமகளுக்கு மாமாவின் ஆசி. முழங்கால் நேற்று ராஜினாமா கொடுத்தது. நான் ஏற்கவில்லை. உங்கள் சுகத்துக்கு எழுது.

உன் ஆணைப்படி புற்றை ஒருவரும் தொடவில்லை. தொட முடியாது! அதற்குள்ளிருந்து ஐந்து தலை நாகம் ஒன்று எழுந்தருளிவிட்டது. ஒவ்வொரு தலையும் முறம் அகலம். நடுத்தலைக்கு மட்டும் மூக்குக்கண்ணாடி. அய்யாவு தென்னையில் ஏறிவிட்டான். நான் ஒருவன்தான் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

“யாருடா நீ?” என்றது.

“சீதாலெட்சுமியின் மாமன்” என்றேன்.

உடனே ஐந்து தலையும் தாழ்ந்து, “அந்தக் குழந்தைக்கு ஒரு குறை இருக்கிறதல்லவா? என் புற்றை விட்டுவை, நான் தீர்த்துவைக்கிறேன்” என்றது. அது பேசிய தமிழ் நம் தபாலாபீஸில் மணியார்டர் எழுதும் கிராணியின் தமிழைவிட ஆயிரம் மடங்கு சுத்தம்.

ஆகையால் கவலையை விட்டுச் சாப்பிடு. அஸ்திவாரத்தை வளைத்துக் கட்டுகிறோம்.

மாமா பக்கிரிசாமி

*

கிள்ளான்
21-3-1934

மாப்பிள்ளை கன்னையா அவர்களுக்குப் பக்கிரிசாமி எழுதுவது. நலம், நலமறிய ஆவல். இதை ஸ்டேஷன் முகவரிக்கு அனுப்புவதன் காரணம் வாசித்தால் விளங்கும். சீதாவிடம் காட்ட வேண்டாம்.

புற்றில் மருந்து ஊற்றியாயிற்று. அவளுக்கு நான் எழுதியிருப்பது பொய். உங்களுக்குத் தெரியாததல்ல, லாலானைச் சாகடிக்கத் தோட்டங்களில் அடிக்கிறார்களே, அந்தப் பாஷாணத் தண்ணீர்தான். அந்தப் புல்லை மேய்ந்து மாடுகள் விழுந்ததை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். மருந்து அடிமட்டம் வரை இறங்கி ராணி செத்த பிறகுதான் இடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் சிதறி வேறு பக்கம் கிளம்பும் என்கிறான் அய்யாவு. சிமிட்டியும் இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை புற்று நிற்கத்தான் வேண்டும்.

இடைஞ்சல் என்னவென்றால் நம் மனை பாசாருக்குக் குறுக்குவழி. பெண்டு பிள்ளைகள் காலையில் மீன், காய்கறி வாங்க அதன் வழியாகத்தான் போகிறார்கள். மண்டை ஓடு வரைந்து ஒரு பலகை நட்டேன். சுடலைமாடனுக்குக் கோயில் வருகிறதென்று அதற்குக் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள்! ஆகவே சீதாவுக்கு எழுதிய நாகத்தையே இங்கேயும் அவிழ்த்துவிட்டேன். கோப்பிக் கடையில் ஒரு தரம், கோயில் வாசலில் ஒரு தரம், அவ்வளவுதான். பயந்து இனிமேல் ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள்.

உங்கள் மாமா

*

கோலா லிப்பிஸ்
31-3-1934

அன்புள்ள மாமாவுக்குச் சீதா நமஸ்காரம். நாங்கள் நலம். முழங்காலின் ராஜினாமாவை இன்னும் சில காலம் ஏற்காதீர்கள்.

நாகத்தை வாசித்துச் சிரித்தேன். மூக்குக்கண்ணாடி என்றதும் கடிதத்தை மூடிவைத்துவிட்டேன். ஆனால் நேற்று உங்கள் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் அக்காவிடமிருந்தும் கடிதம் வந்தது. அதிலும் நாகம். பால் ஊற்றுகிறார்களாம், முட்டை வைக்கிறார்களாம், பாசார் ரோட்டில் ஒரு பெண்ணுக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கியதாம். நீங்கள் ஒருவர் சொன்னால் நான் நம்பமாட்டேன் மாமா. ஒரு நகரமே சொல்கிறதே.

அக்கா இங்கே மகளைப் பார்க்க வருகிறார்கள். முறுக்கு கொடுத்தனுப்புங்கள். அக்காவிடம் நானும் ஒன்று கேட்டு எழுதியிருக்கிறேன். அது பெண்கள் சமாசாரம். நீங்கள் விசாரிக்கக் கூடாது.

இவர் எதற்கும் சிரிக்கிறார். நான் எதையும் சொல்வதில்லை.

உங்கள் சீதா

*

கிள்ளான்
15-4-1934

மாப்பிள்ளைக்கு ஆசி. நான் சுகமாக இல்லை, ஆனால் அது முழங்காலால் அல்ல. இதையும் ஸ்டேஷனுக்கே அனுப்புகிறேன்.

பயந்து ஓடுவார்கள் என்றல்லவா எழுதினேன்? நேற்று வருஷப்பிறப்புக்கு எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்த ஒரு கூட்டம் மேளத்தோடு இறங்கியது. புற்றுக்கு மஞ்சள் துணி சுற்றியாயிற்று. நான் கவனித்தது வேறு. புற்று நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது. பார்த்தால் ஒவ்வொருத்தியும் ஒரு பிடி மண்ணைப் பெயர்த்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள். நெற்றிக்கு இட்டது போக, நாக்கிலும் வைக்கிறார்கள்.

கூட்டத்தின் நடுவே நின்று கத்தினேன்: “தொடாதீங்க! உள்ளே பாஷாணம் ஊத்தியிருக்கு! நானே நின்னு ஊத்தினேன்!”

இராஜம்மா என்று ஒருத்தி, பால் செம்பும் கையுமாக, “போங்கண்ணே! போன மாசம் அஞ்சு தலைன்னீங்க, இப்ப விஷமா? எங்களை விரட்டிட்டு நீங்களே உண்டியல் வைக்கலாம்னு பார்க்குறீங்களா?” என்றாள்.

“சத்தியமாச் சொல்றேன் தங்கச்சி!”

“உங்க சத்தியத்தை வேலியில போடுங்க, கரையான் தின்னட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் எத்தனையோ முறை ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பைப் போல ஒன்றை நான் கேட்டதில்லை. அப்போது பின்வேலிக்கு அப்பால் வாத்து வளர்க்கும் சீனர் செத்த வாத்துகளைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். புற்றடியில் தேங்கிய பாலைக் குடித்த வாத்துகள். அதன் பிறகுதான் சிரிப்பு நின்றது.

இன்று விடிந்ததும் அய்யாவும் நானும் புற்றை அடியோடு தோண்டி எடுத்து ஆழமாகப் புதைத்தோம். சிமிட்டி வந்துவிட்டது, நாளை காங்கிரீட். வீடு வீடாகப் போய் மண்ணை வாங்கிவிட்டேன். இரண்டு பேர் வாந்தி எடுத்துத் தெளிந்துவிட்டார்கள். கிள்ளானில் இனி ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை. இது நம் இருவரோடு இருக்கட்டும்.

உங்கள் மாமா

*

கோலா லிப்பிஸ்
22-4-1934

மாமா அவர்களுக்குக் கன்னையா வணக்கம். இங்கு நலத்துக்கும் மேலே! உங்கள் கடிதம் கண்டு நடுங்கினேன், தக்க காலத்தில் முடித்தீர்கள்.

இப்போது நல்ல செய்தி. சீதாவுக்கு இந்த வாரம் முழுக்க வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருத்தி எனக்குச் சர்க்கரை கொண்டுவந்து வாயில் போட்டுவிட்டாள்! உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதாம், முதல் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். மெலிந்துவிட்டாள், ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். குளித்ததும் குங்குமச் சிமிழிலிருந்து ஏதோ ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறாள். பவுனம்மாள் அக்கா முறுக்கோடு கொண்டுவந்த மருந்தாம். பெண்கள் விஷயம் என்று நான் கேட்கவில்லை.

நான் நாளை ஜெராண்டுட்டுக்கு லைன் வேலையாகப் போகிறேன். திரும்ப ஒரு வாரம் ஆகும். நீங்கள் தாத்தா ஆகப்போகிறீர்கள் மாமா!

கன்னையா

*

கிள்ளான்
25-4-1934

சீதா,

தந்தி கொடுத்திருக்கிறேன். அது முந்திவரும். இது பிந்திவந்தாலும் வாசி.

சிமிழில் இருப்பதை இனி வாயில் வைக்காதே. அது விஷம். புற்றில் பாஷாணத் தண்ணீர் ஊற்றினோம். உனக்கு மறைத்தேன். நாகம் கிடையாது, நான் கட்டிய கதை. மண்ணைக் குழிதோண்டிப் புதை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் பாஷாணம் என்று சொல். உன் வாந்தி அதனால்.

கிடைக்கிற முதல் ரயிலில் புறப்படுகிறேன்.

மாமா

*

கோலா லிப்பிஸ்
26-4-1934

மாமாவுக்குச் சீதா. நலம் கேட்டு எழுத இன்று மனம் வரவில்லை.

தந்தியை நான்தான் வாங்கினேன். தபாலாபீஸ் கிராணி அதைத் தமிழில் சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். உங்கள் மாப்பிள்ளை ஜெராண்டுட்டில் இருக்கிறார். சொல்லி அனுப்பவில்லை.

எதில்தான் விளையாடுவது என்று ஒரு வரம்பு இல்லையா மாமா? விஷம் என்று அங்கே பெண்களையும் விரட்டினீர்களாம். பவுனம்மாள் அக்காவுக்கு அவர்கள் மகன் எழுதியிருக்கிறான். புற்றை நான் இடிக்க வேண்டாம் என்றேன். நீங்களும் உங்கள் மாப்பிள்ளையும் சேர்ந்து இடித்துவிட்டு, அதை மூடிமறைக்க இப்படி ஒரு கதை. வேட்டியைக் கரையான் தின்றது, நாகம் மூக்குக்கண்ணாடி போட்டது, இப்போது என் வயிற்றில் இருப்பது பாஷாணம். அப்படித்தானே?

எனக்குத் தெரியும். என் உடம்புக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா? காலையில் எழுந்தால் நிற்க முடியவில்லை. தலைமயிர் சீப்போடு வருகிறது. அதெல்லாம் என் பிள்ளை தன் அம்மாவிடம் எடுத்துக்கொள்கிறது. எடுக்கட்டும்.

சிமிழில் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. அதை முடித்துவிடுவேன்.

சீதா

*

கோலா லிப்பிஸ்
2-6-1934

மாமா அவர்களுக்குக் கன்னையா வணக்கம். நீங்கள் ஊர்போய்ச் சேர்ந்தீர்களா, முழங்கால் எப்படி என்று எழுதவும். ஆஸ்பத்திரி வராந்தாவில் இத்தனை நாள் தரையில் படுத்ததற்கு அது கோபித்திருக்கும்.

சீதா உட்காருகிறாள். கஞ்சி குடிக்கிறாள். கால் மரத்தது மரத்ததுதான், பிடித்துக்கொண்டு நடக்கிறாள். காலப்போக்கில் உணர்வு திரும்பலாம் என்கிறார் டாக்டர். நீங்கள் வந்து இறங்கிய அன்றே அவளைத் தூக்கிக்கொண்டு போயிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் என்னிடம் சொன்னதை இங்கே எழுத என் கை வராது.

பிள்ளை எப்போதுமே இருக்கவில்லை என்கிறார் டாக்டர். இருந்தது என்கிறாள் சீதா. நான் இருவரிடமும் தலையாட்டுகிறேன்.

எனக்குக் கிள்ளான் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வருவாளா என்று தெரியவில்லை. வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நேற்று அவளாகவே ஒரு வார்த்தை சொன்னாள். உங்களுக்கு எழுதச் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்: “மாமா சொன்னதுல ஏதாச்சும் ஒண்ணு, ஒரே ஒண்ணாவது நெசமான்னு கேளுங்க.”

கன்னையா

*

கிள்ளான்
9-6-1934

சீதாவுக்கு மாமாவின் ஆசி. உன் கால் நடக்க வேண்டும் என்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு சுகம் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

அய்யாவு வேட்டியைக் கோப்பிக் கடையில் மறந்து வைத்துவிட்டு வந்தான். கரையான் தின்னவில்லை. பூனைக் கரையான் பொய். புற்று என் மார்பளவுதான். அதில் ஐந்து தலையும் இல்லை, ஒரு தலையும் இல்லை. ஒரு தவளைகூட அதற்குள் குடியிருக்கவில்லை. ஒன்றும் எழுந்தருளவில்லை, ஒன்றும் பேசவில்லை. உனக்குக் குறை தீர்க்கிறேன் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

அஸ்திவாரம் இறுகிவிட்டது. காங்கிரீட்டில் ஒரு கீறல் இல்லை, மனையில் ஒரு கரையான் இல்லை. சுற்றிலும் ஒரு புல்லும் முளைக்கவில்லை. மழை பெய்தும் முளைக்கவில்லை. நான் வேலியோரம் நின்று பார்க்கிறேன், உள்ளே போவதில்லை. அய்யாவு சுவர் எழுப்பட்டுமா என்று கேட்கிறான். நீ சொல்லும் வரை எழுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ வேண்டாமென்றால் அது அப்படியே கிடக்கட்டும்.

இனி ஒன்று. இதை மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? கேலி பேசியே வயதை ஓட்டியவன் நான்.

மருந்து ஊற்ற வேண்டிய காலையில் அய்யாவுக்கு முன்பே நான் மனைக்குப் போய்விட்டேன். நாகம் என்ற பேச்சே அப்போது கிள்ளானில் கிடையாது. பால்காரப் பாயிடம் ஒரு கரண்டிப் பால் வாங்கிக்கொண்டு போனேன். சுற்றுமுற்றும் பார்த்தேன், ஒருவரும் இல்லை. புற்றின் வாயில் ஊற்றி, உன் பெயரைச் சொல்லி, உனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டேன். கைகூடக் கூப்பினேன்.

பிறகு அய்யாவு மருந்துத் தகரத்தோடு வந்தான். நான் விலகி வழிவிட்டேன். அதே வாயில்தான் ஊற்றினான்.

நான் கேட்டது மட்டும் நிஜம், சீதா.

பக்கிரிசாமி